டயலின் முதுகு

பழைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவருபவர்கள் அதன் முகத்தைத்தான் என்னிடம் காட்டுவார்கள். எனக்கு வேண்டியது அதன் முதுகு. பின்மூடியைத் திறந்து, சாவித்தண்டை உருவி, மெஷினை வெளியே எடுத்து, முள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிய பிறகு, டயலைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னத் திருகுகளைத் தளர்த்தினால் தகடு கையோடு வந்துவிடும். திருப்பிப் போட்டதும் ஐ-கிளாஸைக் கண்ணில் மாட்டிக்கொள்வேன். முன்பக்கத்துக்கு வெள்ளி முலாம், கறுப்புப் பூச்சு, எழுத்து, கோடு என்று எத்தனை முறை வேண்டுமானாலும் ஒப்பனை நடந்திருக்கலாம். பின்பக்கத்துக்காக யாரும் மெனக்கெடுவதில்லை.

அங்கே முதலில் கால்களைப் பார்ப்பேன். டயல் தகட்டின் பின்னால் மெல்லிய செம்புக் கால்கள் இரண்டு பற்றவைத்திருக்கும். அவை மெஷினின் அடித்தட்டில் உள்ள இரண்டு துளைகளுக்குள் போய் உட்காரும். துளை இருக்கும் இடம் மெஷினுக்கு மெஷின் வேறுபடும். லாண்டரான் 48-க்குச் செய்த டயலை வால்ஜூ 7733-இல் அப்படியே பூட்ட முடியாது. கால்களை வெட்டிவிட்டுப் பசை தடவி ஒட்டியிருந்தால், அந்த டயல் வேறொரு கடிகாரத்திலிருந்து வந்தது என்பதற்கு மேலே விசாரணை தேவையில்லை. புதிதாகக் கால் வைத்திருந்தால் சூடு பட்ட வளையம் பித்தளையில் தெரியும். அடுத்து முத்திரை. லா ஷோ-த-ஃபோன் ஊரின் சிங்கர், ஜெனீவாவின் ஸ்டெர்ன் போன்ற டயல் பட்டறைகள் தங்கள் பெயரையோ குறியீட்டையோ பின்னால் அடித்து அனுப்பின. அதன் பக்கத்தில் ஊசியால் கிறுக்கிய எண் ஏதாவது இருந்தால், பெயிண்ட் அடித்த ஆள் தன் கணக்குக்காகப் போட்டது அது. விளிம்பில் அரத்தால் ஒரு சின்னப் பள்ளம் ராவியிருந்தால், மறுபடி அச்சிடும்போது தகடு திரும்பாமல் நிற்பதற்காகச் செய்தது.

மைசூரில் அசோகா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா வைத்த கடை எங்களுடையது. அவர் சத்தியமங்கலத்துப் பக்கத்திலிருந்து திம்பம் மலையேறி இங்கே வந்தவர். நான் இங்கே அதிகம் பேசப்போவது குரோனோகிராஃப் டயல்களைப் பற்றி. குரோனோகிராஃப் என்றால் கைக்கடிகாரத்துக்குள்ளேயே ஒரு ஸ்டாப்வாட்ச் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் இரண்டு பொத்தான், டயலுக்குள் இரண்டு மூன்று சின்ன டயல்கள், நடுவில் நீண்ட விநாடி முள். விலை கூடிய சாமான். இருந்தும் இந்த ஊருக்கு அது நிறைய வந்தது, அதற்குக் காரணமும் உண்டு. 1930-இல் மருத்துவக் கல்லூரி பெங்களூரிலிருந்து மைசூருக்கு மாறியது; டாக்டர்கள் நாடி பார்க்க இதைக் கட்டினார்கள். சாமுண்டி மலையடிவாரத்தில் குதிரைப் பந்தய மைதானம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குடகு. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய மலைநாடு அது. அங்கிருந்து அதிகாரிகளின் கடிகாரங்கள், காப்பித் தோட்டக்காரர்களின் கடிகாரங்கள், அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளின் கையிலும் பேரன்களின் கையிலும் மைசூருக்கு இறங்கி வரும்.

பழைய டயலைச் சுரண்டிப் புதிதாக எழுதுவதற்கு ரீடயல் என்று பெயர். அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்றைய சேகரிப்பாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிப்பதில்லை. அந்தக் காலத்தில் அது மோசடி கிடையாது, சேவை. வியர்வையும் மழைக்கால ஈரமும் கண்ணாடிக்குள் புகுந்து எண்கள் அழிந்துபோனால், மணி பார்க்க முடியாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுவிஸ் கடிகாரம் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்த பிறகும் குரோனோகிராஃபுக்கு மாற்று கிடைக்கவில்லை. அப்பா டயல்களைப் பஞ்சில் சுற்றி பம்பாய்க்கு அனுப்புவார். அங்கே பழைய பூச்சைச் சுரண்டி, முலாம் போட்டு, எழுத்து அச்சிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் கடிகாரத்துக்கும் புது டயல். வாங்கிக் கட்டிக்கொண்டு போனவருக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஏமாற்று வந்தது விலையோடு. 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அந்த மாடலில் சாதாரண டயலும் உண்டு, அவர் பெயரால் அழைக்கப்படும் அலங்கார டயலும் உண்டு. மெஷின் ஒன்றுதான், கேஸ் ஒன்றுதான். விலை வித்தியாசம் முழுவதும் அந்த வட்டத் தகட்டில் இருக்கிறது. அப்படியிருக்க, தகட்டை மட்டும் போலியாகச் செய்ய ஆள் வராமல் இருப்பார்களா? அந்த அலங்கார டயலில் விநாடி ஓடும் சின்ன வட்டத்தில் 15, 30, 45, 60 என்று எண்கள் இருக்கும். சாதாரண டயலில் 20, 40, 60. அலங்கார டயலில் சின்ன வட்டங்களின் கோடுகள் சதுர முனையோடு முடியும். வெளிவட்டம் நடுத்தகட்டைவிட ஒரு படி இறங்கியிருக்கும். படத்தைப் பார்த்து எழுத்தைக் காப்பியடித்துவிடலாம். அந்தப் படியை எழுதிக் காட்ட முடியாது. நம் ஊரில் தொகை சின்னது, வழி அதேதான். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவது என்று 2016-இல் முடிவானதும் அந்தப் பெயருக்கு மவுசு கூடியது; கம்பெனி ஒருநாளும் செய்யாத நிறங்களில் ‘பைலட்’ டயல்கள் சந்தையில் குவிந்தன.

நான் இந்தத் தொழிலில் கற்றதில் எனக்கு மிகவும் பயன்படுவது ஒன்று: டயல் எழுதுபவர் கண்ணால் பார்த்ததை எழுதுகிறார், அது எதற்கு என்று தெரிந்து எழுதுவதில்லை. அவருக்குத் தெரியாமல் போனது எது என்று தேடினால் போதும். குரோனோகிராஃப் டயலில் அது சுலபமாக அகப்படும், ஏனென்றால் அந்த டயல் முழுவதும் கணக்கு.

டாக்டர் ஒருவருடைய மகள் ஒரு கடிகாரத்தோடு வந்தார். பளபளவென்று வெள்ளை டயல். 30 நாடித்துடிப்புக்கு அளவிடப்பட்டது என்று பிரெஞ்சில் ஒரு வரி, விளிம்பில் சிவப்பு எண்கள். நாடி அளவுகோல் வேலை செய்யும் விதம் இது: டாக்டர் பொத்தானை அழுத்திவிட்டு முப்பது துடிப்பு எண்ணுவார், முப்பதாவது துடிப்பில் நிறுத்துவார், விநாடி முள் காட்டும் எண்தான் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற விடை. முப்பது துடிப்புக்கு 30 விநாடி ஆனால் 60. இருபது விநாடி என்றால் 90. பதினைந்து என்றால் 120. அந்த டயலில் பதினைந்தாவது விநாடிக்கு நேரே 60 என்று எழுதியிருந்தது. அது பதினைந்து துடிப்பு எண்ணும் வகைக் கடிகாரத்தின் அளவுகோல். வரியை ஒரு கடிகாரத்திலிருந்தும் எண்களை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்திருந்தார்கள். இதை வைத்து முப்பது துடிப்பு எண்ணிய டாக்டருக்கு எந்த நோயாளியின் நாடியும் பாதியாகத்தான் தெரிந்திருக்கும்.

“அம்மா, உங்கள் அப்பா பிராக்டீஸ் பண்ணிய காலத்தில் இந்த டயல் இப்படி இருந்திருக்க வாய்ப்பில்லை,” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அவர் ரிட்டயர் ஆன பிறகு, என் தங்கை கல்யாணத்துக்கு முன்னாடி பம்பாய்க்குக் கொடுத்து வாங்கினதா ஞாபகம் சார். அதுக்கப்புறம் விசேஷத்துக்கு மட்டும்தான் கட்டுவார்.”

அப்போது எல்லாம் பொருந்தியது. பின்பக்கத்தில் கால்கள் அசல், மெஷினோடு சரியாக உட்கார்ந்தன. ஊசிக் கிறுக்கல் இருந்தது. தகடு அந்தக் கடிகாரத்தோடு பிறந்தது, முகம் மட்டும் பிறகு எழுதியது. தப்பைத் திருத்தி மறுபடி எழுதிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் சின்ன டயல்களுக்குள் கடைசல் போட்ட நுண்ணிய வட்டவரிகள் தேய்கின்றன. இப்போதே பாதி நிரவிப்போயிருந்தன. மேலும், ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்காகப் புதுப்பித்துக் கட்டிய கடிகாரம் அது. அதுவும் அதன் வரலாறுதான்.

மற்ற அளவுகோல்களையும் இப்படியே சோதிப்பேன். வேகம் காட்டும் டாக்கிமீட்டர் வட்டத்தில் 3600-ஐ விநாடியால் வகுத்த விடைதான் எண்ணாக நிற்க வேண்டும். முப்பதாவது விநாடிக்கு நேரே 120. நாற்பத்தைந்துக்கு 80. முப்பத்தாறுக்கு 100. இந்த 100 கொஞ்சம் தள்ளி நின்றால் நான் அடுத்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே டயலைக் கழற்ற ஆரம்பித்துவிடுவேன். தூரம் காட்டும் டெலிமீட்டர் ஒலியின் வேகத்தை நம்பியது. மின்னல் தெரிந்ததும் அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். பீரங்கிப் படையில் நெருப்பு தெரிந்ததும் அழுத்தி, வெடி கேட்டதும் நிறுத்துவார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போவதால் 1 கிலோமீட்டர் மூன்றாவது விநாடியை ஒட்டியும், 10 கிலோமீட்டர் முப்பதுக்குச் சற்று முன்பும் விழும். என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் தம்பியை மழைக்காலத்தில் வாசலுக்கு அனுப்பி மின்னலை அளந்துவரச் சொல்வேன். அளவுகோலைப் பயன்படுத்தியவனுக்குத்தான் அதில் தப்பு கண்ணில் படும்.

எழுத்தின் வடிவமும் அப்படி. இந்த ஊரில் டவுன் ஹாலுக்கு எதிரே இருக்கும் தொட்ட கடியாரத்தில் எண்கள் கன்னடத்தில் இருக்கின்றன. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளி விழாவுக்காக 1927-இல் அரண்மனை ஊழியர்கள் கட்டிக்கொடுத்த எழுபத்தைந்தடிக் கோபுரம். நான் கன்னட எண்களைப் பள்ளிக்கூடத்துக்கு முன் அங்கேதான் படித்தேன். அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த எண்ணில் ஒரு சுழி கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும். சுவிஸ் டயல்களின் எழுத்தோடும் அந்த அளவு பழக வேண்டும். 4-இன் முக்கோணம் மூடியிருக்கிறதா, 7-இன் கால் வளைகிறதா, அடியில் ஆறு மணிக்குக் கீழே ‘சுவிஸ்’ என்ற சொல் விளிம்போடு ஒட்டி, கேஸின் உதட்டுக்குள் பாதி மறைந்திருக்கிறதா என்று. ரீடயல்காரர் அந்தச் சொல்லை மறைய விடமாட்டார். நன்றாகத் தெரியட்டும் என்று மேலே ஏற்றி எழுதிவிடுவார்.

அச்சின் தன்மையை மைக்ராஸ்கோப்பில் பக்கவாட்டு வெளிச்சம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அசல் முறையில், எழுத்தை எஃகுத் தகட்டில் அரித்துச் செதுக்கி, அதில் மை நிரப்பி, மெத்தென்ற ஜெலட்டின் உருண்டையால் எடுத்து டயலில் ஒற்றுவார்கள். மை ஒரே கனத்தில், கூரான விளிம்போடு கொஞ்சம் எழும்பி நிற்கும். கறுப்பு டயலில் தங்க எழுத்து என்றால் கதையே வேறு. நாற்பது, ஐம்பதுகளின் நல்ல டயல்களில் அந்தத் தங்கம் அச்சு இல்லை. பித்தளைத் தகட்டில் எழுத்து வர வேண்டிய இடத்தை மறைத்துவிட்டு மின்முலாத்தால் மற்ற இடத்தைக் கறுப்பாக்கினார்கள். பிறகு மறைப்பை நீக்கினால் அடியிலிருக்கும் பித்தளையே எழுத்தாக மின்னும். ஆகவே எழுத்து கறுப்புக்குக் கீழே பள்ளத்தில் இருக்க வேண்டும். கறுப்பின் மேலே தங்க நிற மை உட்கார்ந்திருந்தால் அது பின்னால் எழுதியது. மைக்ராஸ்கோப்பை லேசாகத் திருகும்போது எது முதலில் தெளிவாகிறது, எழுத்தா கறுப்பா என்பதிலேயே விடை கிடைத்துவிடும். எங்கள் ஊரில் ரூபாய் நோட்டு அச்சிடுகிறார்கள், அதற்கான தாளும் இங்கேயே தயாராகிறது. நோட்டில் போலியைத் தடுப்பதற்கென்றே இழையும் நீர்க்குறியும் வைக்கிறார்கள். டயல் செய்தவர்கள் போலியை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர்கள் வேலையின் சுத்தம்தான் இன்று நமக்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு.

குடகிலிருந்து ஓர் அதிகாரியின் பேரன் கொண்டுவந்த கடிகாரத்தை நான் மறக்க மாட்டேன். பெயர் அவ்வளவாகக் கேள்விப்படாத ஒரு சுவிஸ் கம்பெனி, லாண்டரான் 48 மெஷின், கறுப்பு டயல், டெலிமீட்டர் வட்டம், இரவில் தெரிவதற்கான பூச்சு நிரப்பிய பெரிய எண்கள். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் பக்கத்தில் டயல் பொரிந்து, பச்சை பூத்திருந்தது. பெங்களூரிலிருந்து வரும் ஒரு வியாபாரி அப்போது கடையில் இருந்தார். “அண்ணா, இந்த டயலை மட்டும் எழுதிட்டா ரேட்டு எங்கேயோ போயிடும்,” என்றார். எனக்கு அந்தப் பொரிந்த இடங்கள்தான் பிடித்திருந்தன. பழைய குரோனோகிராஃபின் பொத்தான்களில் ஈரத்தைத் தடுக்கும் வளையம் கிடையாது. குடகு மழை உள்ளே போக அவை இரண்டும்தான் வாசல், சாவித்தண்டு மூன்றாவது வாசல். கெட்டுப்போனது அந்த வாசல்களிலிருந்து உள்நோக்கிப் பரவியிருந்தால் காலம் செய்தது. டீத்தண்ணீரில் முக்கி, அடுப்பில் வாட்டிப் பழசாக்கிய டயல்கள் வட்டம் முழுவதும் ஒரே மாதிரி பழுத்திருக்கும்.

அடுத்து அந்த ஒளிப்பூச்சு. அறுபதுகளின் தொடக்கம்வரை அது ரேடியம். பிறகு டிரிட்டியம் வந்தது, டயலின் அடியில் ‘சுவிஸ்’ சொல்லின் இரு பக்கமும் ‘டி’ எழுத்து போட ஆரம்பித்தார்கள். ரேடியம் பாதியாகக் குறைய 1600 வருடம் ஆகும். எழுபது வருடம் கழித்தும் நூற்றுக்கு 97 பங்கு அப்படியே இருக்கும். ஒளிர்ந்த துத்தநாக சல்ஃபைடு செத்துப்போய் இருட்டில் ஒன்றும் தெரியாது, ஆனால் கெய்கர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் படபடவென்று அடிக்கும். டிரிட்டியத்துக்குப் பாதிக்காலம் சுமார் 12 வருடம். அதன் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது, கருவி சும்மா இருக்கும். புற ஊதா டார்ச்சை அடித்து அணைத்த பிறகும் ஒரு பழைய டயல் நிமிடக்கணக்கில் பிரகாசமாக ஒளிர்ந்தால், அதில் இருப்பது தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பூச்சு. குடகுக் கடிகாரத்தில் டார்ச்சை அணைத்ததும் ஒளி போய்விட்டது, கெய்கர் கருவி அடித்தது. முள்களைத் தூக்கியபோது டயலின் கறுப்பில் ஒரு பழுப்புத் தடம் தெரிந்தது. மணி முள்ளின் உருவம் அப்படியே. கடிகாரம் அலமாரியில் பல வருடம் ஒரே மணியில் நின்றுபோயிருக்கிறது, முள்ளிலிருந்த ரேடியம் தன் அடியிலிருந்த பூச்சைச் சுட்டிருக்கிறது. இதைப் போலியாகச் செய்வது மிகக் கடினம். முள்ளும் டயலும் ஒன்றாகவே காலம் கழித்தவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

சாட்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதை ஒமேகா விவகாரம் உலகத்துக்கே காட்டியது. 1957-இல் வெளிவந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் மாடல் 2915-1 ஒன்று, கறுப்பு வெளுத்துப் பழுப்பான டயலோடு, 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் தொடர்பு உண்டு என்றும் 2023-இல் அந்தக் கம்பெனியே அறிவித்தது. பாகங்கள் பெரும்பாலும் அசல். அவை ஒரே கடிகாரத்தில் பிறக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்திலேயே இது நடக்கிறது என்றால், டயலை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி “அசலா சொல்லுங்கள்” என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லாததற்குக் கர்வம் காரணமில்லை. கழற்றாமல் சொல்ல முடியாது.

அதனால் என் அறிக்கையில் ‘ஒரிஜினல்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதுவதில்லை. தகடு, பூச்சு, அச்சு, ஒளிப்பூச்சு, முள்கள் என்று தனித்தனியாக எழுதுவேன். குடகுப் பையனுக்கும் அப்படித்தான்: தகடு இந்த மெஷினுக்கானது, கால்கள் அசல், மறுபூச்சின் அடையாளம் காணப்படவில்லை, எண்களிலும் மணி முள்ளிலும் ரேடியம், நிமிடம் எண்ணும் சின்ன முள் மட்டும் பிற்காலத்தில் மாற்றியது. வியாபாரி அந்தக் கடைசி வரியை விட்டுவிடலாமே என்றார். பேரன் அதைப் படித்துவிட்டு, “இருக்கட்டும் சார், தாத்தாவே மாத்தியிருப்பார்,” என்றான். நான் மெஷினைக் கழுவி எண்ணெய் விட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றினேன். டயலைத் தொடவில்லை. ரேடியத் தூள் மூச்சில் போகக் கூடாது என்பதால் கேஸை யாரும் வீட்டில் திறக்க வேண்டாம், கட்டாதபோது காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும் என்று அறிக்கையின் அடியில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.